நாலு விரற்கடை

ராயபுரத்தில் இப்படியொரு காரை
வாங்கினவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.
இரண்டே சீட். சிவப்பு. பதினேழு வயசு.
தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நாலு விரற்கடை.
கல்மண்டபத்து வேகத்தடையில் ஒவ்வொரு முறையும்
யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம்.
அது என் பல்தான்.

ஆயில் மாற்ற மவுண்ட் ரோட்டில் கேட்ட காசில்
எங்கள் சந்தில் ஒரு மாசம் குடியிருக்கலாம்.
ஆகவே ஞாயிற்றுக்கிழமை,
மீன் கழுவின தண்ணீர் காய்ந்த பிறகு,
வெயில் எதிர்ச்சுவரிலிருந்து இறங்குமுன்.

காரைத் தூக்க ஜாக் வேண்டும்.
ஜாக் உள்ளே நுழைய
காரைக் கொஞ்சம் தூக்க வேண்டும்.
இதைச் சொன்னால் சகாயராணி
மாடியிலிருந்து சிரிக்கிறாள்:
"அப்ப அத்த ஏன் வாங்கின?"

காசிமேட்டில் உடைத்த விசைப்படகின் பலகை இரண்டு,
எடைக்கு வாங்கியவை.
ஒன்றில் நீலப் பெயிண்டில் 'யமேரி' என்று மிச்சம்.
ஆரோக்கியத்தை யார் வாங்கிப் போனார்களோ.
முன்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றினேன்.
பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை,
கைபிரேக், முதல் கியர்.

போன வருஷத்துத் தார்.
பத்து மணிக்கே செருப்பைப் பிடித்து இழுக்கும்.
தாங்கிகளின் கால் அதில் புதையாமலிருக்க
அடியில் ஆளுக்கொரு பிளைவுட்.

முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில்,
லாரி டயரில் வெட்டிய ரப்பர் துண்டை வைத்து
ஜாக்கை அழுத்தினேன்.
ஒரு கையகலம் தள்ளி வைத்தால்
அடித்தகடு அப்பளமாகிவிடும்.
அழுத்த அழுத்த மூக்கு எழுந்தது,
பேர் சொல்லிக் கூப்பிட்டாற்போல.

பலகைகளை உருவினேன்.
இரண்டு தாங்கியையும்
கதவடி மடிப்பின் கீழே தள்ளி
ஊசியை மூன்றாம் துளையில் செருகினேன்.
பாரம் இன்னும் அவற்றில் இறங்கவில்லை.
எல்லாம் அந்த ஒற்றை ஜாக்கில்,
அதற்குள் இருக்கும் ஒரு டம்ளர் எண்ணெயில்.

அப்போதுதான் டென்னிஸ் பந்து உருண்டு உள்ளே போனது.
பின்னாலேயே ஜோவின்,
தலை, தோள், இடுப்பு வரைக்கும்.

துறைமுகத்தில் பதினோரு வருஷம்
கிரேனுக்கு சிக்னல் காட்டுகிறேன்.
தொங்குகிற பெட்டிக்குக் கீழே
கடவுளே நடந்து வந்தாலும் விசிலடிப்பேன்.
கழுத்தில் விசில் இல்லை. வாய் அடித்தது.
சந்தே நின்றது:
ஆட்டோ, தண்ணீர்க்குடம், பேட் பிடித்த கை.
ஜோவினின் இரண்டு கணுக்காலும்
எப்படியோ என் கையில் இருந்தன.

"பால் எடுக்கத்தானேக்கா..."
முதுகெல்லாம் தார்மணல்.
நான் அடிக்கவில்லை.
தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல்
தலையைச் சொறிந்துகொண்டேன்.

பிறகு வால்வைக் கால் திருகு.
மூச்சு விடுவதுபோல் இறங்கியது.
இடப்பக்கம் டொக்.
வலப்பக்கம் சத்தமே இல்லை;
தாங்கிக்கும் காருக்கும் நடுவே வெளிச்சம்.
தார் அங்கே சரிந்திருக்கிறது.
திரும்பத் தூக்கி, இன்னொரு பிளைவுட் வைத்து,
திரும்ப இறக்கினேன்.
டொக். டொக்.
ஜாக்கை முட்டும் முட்டாமல் அப்படியே விட்டேன்.
இடுப்பால் இடித்தேன்,
மார்க்கெட்டில் வரிசையை உடைப்பவனை இடிக்கிற மாதிரி.
அசையவில்லை. இன்னொரு தரம். அசையவில்லை.

பந்தைத் துடைப்பக்கட்டையால் தள்ளி எடுத்துக் கொடுத்தேன்.
அதற்கப்புறம்தான் நான் உள்ளே போனேன்.

கீழிருந்து பார்த்தால்
சந்தில் ஆளே இல்லை, பாதங்கள்தான்.
பின்னம் வெடித்த ஒரு ஜோடி கூடையோடு நெருங்கியது.
குறுக்கே செருப்பில்லாத இரண்டு சின்னக் கால்கள்:
"அந்தண்ட போ ஆயா, வைலட்டக்கா உள்ள கீது."
செங்கல் துண்டால் தரையில்
கோடுகூடப் போட்டிருந்தான், கோணலாக.

பழைய ஆயில் சூடாக மணிக்கட்டில் வழிந்தது.
செம்பு வாஷரை மேலே, சீட்டிலேயே வைத்துவிட்டேன்.
"ஜோவின், கதவைத் தொறக்காத,
ஜன்னல் வழியா எடு, சாயாத."
கால்கள் கோட்டருகே தயங்கின.
"அப்ப கார் மேல கை வெக்கலாமாக்கா?"

மூக்குக்கு மேலே ஒரு முழத்தில்
ஒரு டன் சிவப்பு.
பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.